தங்கும் காலம்

இந்த நகரத்தின் முகங்களை எனக்கு அதிகம் தெரியாது.
அதன் தண்ணீரைத் தெரியும்.
நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு
வரத்துமானியின் முள் எழுந்து உட்காரும்.
பந்தாட்ட இடைவேளையில் பத்து நிமிடம் துள்ளும்.
பரீட்சை முடிவு வந்த அன்று
காலையில் ஒரு வீடும் குளிக்கவில்லை,
மதியம் எல்லா வீடும் குளித்தது.

என் பெயர் ஷாத்லியா.
சூஸுக்குத் தெற்கே, ஒலிவ மரங்களுக்கும் உப்பளத்துக்கும் நடுவே
மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில்
பதினெட்டு வருடமாக வேலை.
மூன்று தொட்டிகளில் அடங்கி, மணலில் வடிந்து,
நீல விளக்கின் கீழே நடந்து
நகரம் என் குளத்துக்கு வந்துசேர்கிறது.

முன்பு அதில் பாசி.
வெயில் குடித்தது போக, பாசி அடைத்தது போக
மிச்சம்தான் மரத்துக்கு.
சொட்டுக்குழாயின் வாயைக் குண்டூசியால் குத்திக் குத்தி
தாஹரின் பையன்களுக்கு விரல்நுனியெல்லாம் தழும்பு.

இப்போது குளத்தின் மேல் கறுப்புப் பலகைகள் மிதக்கின்றன,
ஆயிரத்து இருநூறு.
வெயிலை மேலேயே நிறுத்தி வேலை வாங்குகின்றன.
கீழே இருட்டில் பாசி பட்டினி.
சூரியன் ஏறினால் மோட்டார் பாடும்.
மேகம் வந்தால் என் தொலைபேசி பாடும்:
"என் முறை பாதியில் நின்றுபோச்சு, ஷாத்லியா!"
கடற்காகங்களுக்கோ
யாரோ கட்டிக்கொடுத்த கழிப்பறை அது.
வாரம் இருமுறை படகில் போய்த் தேய்க்கிறேன்,
லாரியில் வந்த நல்ல தண்ணீரால்.
குளத்து நீர் கண்ணாடியில் உப்புக்கோலம் போட்டுவிடும்.

ஃபெர்ஜானிதான் கடைசிவரை கையெழுத்துப் போடாதவர்.
"அடுத்தவன் வயிற்றில் போனது
என் பீச் மரத்துக்கு வேண்டாம்."
பிறகு அவர் கிணறு உப்பானது. போட்டார்.
மரம் காய்த்தது. விற்பார்,
ஒரு பழம் தின்ன மாட்டார்.

ஏப்ரல் மூன்றாம் தேதி அவர் மனைவி ரெபாஹ் இறந்தாள்.
பத்து நாள் கழித்து, அந்தி நேரம்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றார்.
முறையைப் பற்றிக் கேட்க வந்தார் என்று நினைத்தேன்.

"வீட்டில்தான் குளிப்பாட்டினார்கள்," என்றார்.
"மூன்று தடவை. கடைசித் தடவை கற்பூரம் கலந்து.
அந்தத் தண்ணீர்
இப்போது எங்கே இருக்கிறது?"

பேரேட்டைத் திறந்தேன். வேறென்ன செய்வது?
தொட்டிகளில் இரண்டு நாள்.
குளத்தில் தங்கும் காலம் பதினோரு நாள்.
அது சராசரி.
ஒரு துளி அன்றே வெளியேறியிருக்கலாம்,
இன்னொன்று நங்கூரக் கயிற்றை ஒட்டிக்கொண்டு
கோடை முழுக்க நிழலில் கிடக்கலாம்.
ஒன்பதாயிரம் வீட்டுச் சோப்புநுரையில்
ஒரு வீட்டின் கற்பூரத்தை எந்த மானி காட்டும்?

இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை.

"இன்னும் குளத்தில்தான். பலகைகளுக்குக் கீழே.
பதினாறாம் தேதி திறப்பேன். மூன்றாம் வால்வு.
உங்கள் முறை."
தேதி பொய்யில்லை. அவர் முறைதான்.
"எந்த வரிசை?"
"கிழக்கு," என்றேன்.
அதை எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை.

பதினாறாம் தேதி மேகமே இல்லை.
மோட்டார் காலை எட்டிலிருந்து நிற்காமல் ஓடியது.
கிழக்கு வரிசையின் தலையில், குழாய்ப் பக்கத்தில்,
அவர் குந்தியிருந்ததாகத் தாஹர் சொன்னார்.
சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

ஜூனில் ஒரு கூடையோடு வந்தார்.
கழுவலாமென்று என் குழாயருகே போனார்,
"குடிக்கத் தகாது" என்ற பலகையைப் படித்தார்,
சட்டையிலேயே ஒரு பழத்தைத் துடைத்தார்.
கடித்தார். சாறு மணிக்கட்டு தாண்டி வழிந்தது.
கொட்டையை எறிய ஓங்கிய கை
அப்படியே சட்டைப்பைக்குப் போனது.

இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

பதினெட்டு வருடத்தில் ஆய்வுக்கூடத் தாள்கள்
எத்தனை ஆயிரம் கையெழுத்திட்டேன்:
தகுதியானது, தகுதியானது.
அந்தத் தோட்டங்களின் பழத்தை
நானும் அதுவரை வாயில் வைத்ததில்லை.
இதை எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை.

மாலை வெயில். மோட்டாரின் குரல் இறங்கிக்கொண்டிருந்தது.
வாங்கினேன்.